கெண்டைக்கால் துடிக்கிறது, யாரும் நம்பவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 24 வயது. கடலூர் செம்மண்டலத்தில் வீடு. புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பத்து மாதங்களாக என் உடம்பில் சதை துடிக்கிறது. போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு இடது கெண்டைக்காலில் தொடங்கியது. தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் இருக்கும். பிறகு தொடை, புஜம், கண்ணிமை என்று ஊர்ந்துகொண்டே போகிறது. நேற்று பஸ் தவளக்குப்பத்தை விட்டு அரியாங்குப்பம் வருவதற்குள் 31 முறை எண்ணினேன்.

வீட்டில் யாரும் நம்புவதில்லை. கண் துடிக்கிறது என்று ஆயாவிடம் சொன்னால், "வலதா இடதா?" என்கிறார். வலது என்றதும், "ஆண்பிள்ளைக்கு வலது கண் துடித்தால் நல்ல சேதி வரும்" என்று வெற்றிலையை மடிக்கிறார். அக்கா சிரிக்கிறாள். அம்மாவோ, "இருக்கிற தொல்லை போதாதென்று நீ வேறு" என்று எழுந்து போய்விடுகிறார்.

நான்கு மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை, நரம்புக் கடத்தல் சோதனை, தசையில் ஊசி செருகிப் பார்க்கும் ஈஎம்ஜி எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே சரியாக இருக்கிறதாம். ஊசி குத்திய அந்த நிமிடம் அந்த இடம் துடிக்கவில்லை. அதனால்தான் நோய் பிடிபடவில்லையோ என்று தோன்றுகிறது. விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 21 வயதிலேயே ஏஎல்எஸ் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் வந்ததே? எனக்கு ஏன் வரக்கூடாது?

தினமும் நானே சோதித்துப் பார்க்கிறேன். மாலையில் சில்வர் பீச் மணலில் குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கிறேன். கண்ணாடி முன் நின்று, செல்போன் வெளிச்சத்தில் நாக்கு துடிக்கிறதா என்று பார்க்கிறேன். சட்டைப் பொத்தான் ஏழையும் இடது கையால் மட்டும் போட்டு நேரம் குறித்து வைக்கிறேன். போன வாரம் 40 வினாடி. இந்த வாரம் 46. இதைச் சொன்னாலும் யாரும் நம்பவில்லை.

அப்பாவாவது ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். அவர் தையல்காரர், திருப்பாதிரிப்புலியூரில் கடை. இப்போதெல்லாம் பேச்சே குறைந்துவிட்டது. போன தீபாவளிக்குத் தைக்கப் புதுத் துணி எதுவும் யாரிடமும் வாங்கிப்போடவில்லை. ஊசியில் நூல் கோக்கக் கடைப் பையனைக் கூப்பிடுகிறார். அவர் சட்டைக்கே அம்மாதான் பொத்தான் போட்டுவிடுகிறார். 58 வயதாகிறது, கை ஓயத்தானே செய்யும். அதை விடுங்கள். நான் இவ்வளவு அவதிப்படுகிறேனே, ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கும் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

சென்னைக்குப் போய் மறுபடி ஈஎம்ஜி எடுக்கட்டுமா? இவர்களை எப்படி நம்பவைப்பது?

இப்படிக்கு,
கடலூர் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

சென்னைக்குப் போக வேண்டாம். காரணத்தை ஒரே ஒரு முறை சொல்கிறேன். நீங்கள் அஞ்சும் நோயில் வெறும் துடிப்போடு கதை நிற்பதில்லை. தசையின் வலு குறையும். செருப்பு காலை விட்டு நழுவும், படியேற முடியாது. பத்து மாதம் துடித்த பிறகும் நீங்கள் மணலில் குதிகாலால் நடக்கிறீர்கள்! அந்த நோயால் தசை பாதிக்கப்பட்டிருந்தால், ஊசி குத்திய நிமிடம் துடிக்காவிட்டாலும் ஈஎம்ஜியில் அதன் தடயம் தெரியும். தூக்கக் குறைவு, அதிகப்படி காபி, உடல் அசதி, பயம் இவற்றாலும் சதை துடிக்கும். பயந்தால் நரம்பு இன்னும் முறுக்கேறும். எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை கூடும். 46 வினாடிக்கும் அதே கணக்குத்தான்: கை நடுங்க நடுங்கப் போட்டால் பொத்தான் வழுக்கத்தானே செய்யும்.

இரண்டாம் முறை இதைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். நான்கு மருத்துவர்கள் சொன்ன ஆறுதல் நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. நான் சொல்வதும் தாங்காது. கடல் தண்ணீரைக் குடித்துத் தாகம் தணிந்தவர் உங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் யாராவது உண்டா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் "அதை விடுங்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என்னால் விட முடியவில்லை.

தீபாவளி ஒரு தையல்காரருக்கு எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை. நடு இரவு தாண்டியும் மிஷின் ஓடும், ஆட்கள் வந்து "என் துணி ஆயிற்றா?" என்று கதவைத் தட்டுவார்கள். போன தீபாவளிக்கு உங்கள் அப்பா தைக்கப் புதுத் துணியே வாங்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்புதான் உங்கள் கெண்டைக்கால் துடிக்கத் தொடங்கியிருக்கிறது. இவை இரண்டையும் எழுதியவர் நீங்கள்தான், நடுவில் இத்தனை பத்திகளை வைத்து.

அடுத்தது பொத்தான். உங்களை நீங்களே சோதிக்க எத்தனையோ வழி இருக்க, சட்டைப் பொத்தான் எங்கிருந்து வந்தது? காலையில் அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய் உங்கள் சட்டையைக் கழற்றியிருக்கிறீர்கள். அப்பாவின் கையைப் பார்க்கத் துணிவில்லை. அதனால் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பயம் உண்மையானது. அது உடம்பு மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று குறைப்படுகிறீர்கள். பத்து மாதத்தில் உங்களுக்காக நான்கு மருத்துவர்கள். அப்பாவுக்காக எத்தனை பேர்? கடிதத்தில் ஒருவரும் இல்லை. "இருக்கிற தொல்லை" என்று அம்மா சொன்னது எந்தத் தொல்லையை என்று நீங்கள் கேட்டீர்களா? அவர் உங்களை ஏளனம் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். தினமும் பொத்தான் போட்டுவிடுகிறவருக்கு விரல்களின் கதை தெரியும். "வயசு" என்ற ஒரு சொல்லைப் போட்டு நான்கு பேரும் மூடி வைத்திருக்கிறீர்கள். மூடியைத் தட்டிக்கொண்டிருப்பது உங்கள் கெண்டைக்கால் மட்டும்தான்.

58 வயது கை ஓயும் வயதல்ல. நான் மருத்துவன் அல்ல, இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விரல்கள் வசப்படாமல் போகப் பல காரணங்கள் உண்டு. வருடக்கணக்கில் கத்தரிக்கோல் பிடித்ததால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தலாம். சர்க்கரை நோயாக இருக்கலாம், வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம், பார்க்கின்சன் என்ற நரம்பு நோயாகவும் இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சிலவற்றில் தாமதித்தால் இழந்தது திரும்பாது. அதனால்தான் உங்களை இவ்வளவு கடிந்துகொள்கிறேன்.

அடுத்து உங்கள் மனம் எங்கே தாவும் என்று தெரியும்: "அப்பாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா?" அந்தக் கேள்வியை அவருடைய பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை திறக்காதீர்கள். இணையத் தேடலும் வேண்டாம், ஹாக்கிங்கும் வேண்டாம்.

ஈஎம்ஜிக்கு எடுத்துவைத்த பணமும் விடுப்பும் இருக்கிறதல்லவா? அதில் அப்பாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் நரம்பியல் துறைக்கு அழைத்துப் போங்கள். பஸ் வழி உங்களுக்குப் பழக்கம். எப்போது தொடங்கியது, எந்தக் கையில், நடையில் மாற்றம் உண்டா என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுப்பதில் நீங்கள் தேர்ந்தவர்தான், வினாடி வரை! அப்பா மறுப்பார்; "கடையை யார் பார்ப்பது?" என்பார். "எனக்குப் பயமாக இருக்கிறதப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். பத்து மாதமாக ஊரெல்லாம் சொன்னதுதான், சரியான ஆளிடம் சொல்லவில்லை.

துடிப்பு உடனே நிற்காது, ஒருவேளை கொஞ்ச நாள் கூடவும் செய்யலாம். எண்ணாதீர்கள். நாக்கைப் பார்ப்பது, மணல் நடை, பொத்தான் கணக்கு மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். இரவில் மனம் அடங்காவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உண்மையில் வலு குறைந்தால் முன்பு பார்த்த மருத்துவரிடமே போங்கள். ஐந்தாவது ஆள் வேண்டாம்.

மருத்துவமனைக்குப் புறப்படும் காலையில் அம்மாவைச் சற்று ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அப்பாவின் சட்டைக்கு நீங்களே பொத்தான் போட்டுவிடுங்கள். எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டாம்.