தோளை முதலில் இறக்குங்கள்

வணக்கம் சார்,

கோவையில் இரண்டு வருடமாக விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலை கற்றுவருகிறேன். வயது 31. தனியாகச் செய்யும்போது கை வேகமாகத்தான் போகிறது. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எதிராளி கிட்டே வந்துவிட்டால், பிளாக் போடுவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. 14 விதமான பிளாக்குகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். லைட் எரிந்ததும் தட்டுகிற மொபைல் ஆப்பிலும் தினமும் பயிற்சி. வகுப்பில் எனக்கு ஜோடியாக விட்டிருப்பது ஐம்பது வயது அம்மா ஒருவரை, அவரோடு செய்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரிஃப்ளெக்ஸை வேகமாக்க என்ன செய்யலாம்? புரோட்டீன் பவுடர் உதவுமா? எனக்கு வயது தாண்டிவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

31 எல்லாம் ஒரு வயதா? புரோட்டீன் பவுடருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஆப், திரையைத் தட்டுவதில் உங்களைக் கெட்டிக்காரர் ஆக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், வலது தோள் வலிக்காகப் போயிருந்த இடத்தில் பிசியோ பெண் என்னிடம், "கையைத் தூக்குறதுக்கு முன்னாடியே தோளை இறுக்குறீங்க சார்" என்றார். இதே வாக்கியத்தைப் பல வருடங்களுக்கு முன் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். வீடு திரும்பும்வரை அதே நினைப்பு. வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

கண்ணால் பார்த்து, முடிவெடுத்து, கையை நகர்த்த ஒரு நொடியில் கிட்டத்தட்ட கால்பங்கு ஆகிவிடும். கைநீட்டும் தூரத்தில் நிற்பவனின் குத்து அதற்குள் வந்து சேர்ந்துவிடும். இதில் 14 பிளாக்குகளில் எது என்று வேறு மூளை தேட வேண்டும். தேர்வுகள் கூடக்கூட எதிர்வினை தாமதமாகும் என்பதை ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1952லேயே சோதித்துக் காட்டிவிட்டார். அந்த நோட்டை மூடி வையுங்கள். தொடு உணர்வு பார்வையைவிடச் சீக்கிரம் வேலை செய்யும், அதனால்தான் விங் சுன்னில் சீ சாவ் என்ற ஒன்றே இருக்கிறது. இரண்டு பேரும் முன்னங்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே இருப்பது, எதிராளியின் அழுத்தம் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதைத் தோலால் தெரிந்துகொள்ளத்தான். ஒட்டியிருந்த கை விலகினால் உங்கள் கை தானாக நேரே உள்ளே போக வேண்டும், யோசித்துப் போகக் கூடாது. இதற்கு இன்னொரு மனிதரின் கை வேண்டும். அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, நீங்கள் பிரயோஜனமில்லை என்கிறீர்கள்!

கோபமாகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே தவறை நானும் செய்தேன். 1994இல் ஹாங்காங்கில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை. ஷாம் ஷூய் போவில் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் வகுப்பு. விங் சுன்னின் புகழ்பெற்ற ஆசான் யிப் மான், சீனாவின் ஃபோஷானிலிருந்து வந்து 1950இல் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது அதே பேட்டையில்தான். எங்கள் சிஃபூவுக்கு, அதாவது ஆசானுக்கு, குதிரைப் பந்தயம் என்றால் உயிர். புதன்கிழமை ராத்திரிகளில் ஹேப்பி வேலி பந்தய வர்ணனையை ரேடியோவில் கேட்டுக்கொண்டே எங்களோடு கை உருட்டுவார். ஒருநாள் அவர் முகம் முழுதும் ரேடியோ பக்கம் திரும்பியிருந்தது. இதுதான் சமயம் என்று நெஞ்சைக் குறிவைத்துக் குத்தினேன். பாதிகூடப் போகவில்லை, என் முழங்கை மடங்கி, அவர் உள்ளங்கை என் தொண்டையில் இருந்தது. பந்தயம் முடிந்த பிறகுதான் பேசினார்: "உன் கை கிளம்புவதற்கு முன்னாடியே தோள் இறுகிவிட்டது. அதைக் கேட்டேன்."

அடுத்த வாரம் என்னை ஒரு தையல்காரப் பெண்மணியோடு ஜோடி சேர்த்தார். அறுபது வயது இருக்கும், என் தோள் உயரம்தான். எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு வாரத்தில் ஏதோ சாக்குச் சொல்லி, என் வயதில் பலசாலியான ஒருவனோடு மாறிக்கொண்டேன். இரண்டு பேரும் முட்டி மோதி ஒரு வருடம் போனது. பலத்துக்குப் பலம் கொடுத்ததில் தோள் இன்னும் இறுகியதுதான் மிச்சம். பிறகு நானே போய் அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். அவருடைய மணிக்கட்டு ஈரத்துணி போல என் கைமேல் கிடக்கும். தள்ளினால் தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது, இழுத்தால் கூடவே வந்துவிடும். ஆறு மாதம் தினமும் நெஞ்சில் அடி வாங்கினேன். பலத்தைப் போட ஒன்றுமே இல்லாததால் என் தோள் மெல்ல இறங்கியது, அப்புறம்தான் அவர் கையின் அசைவு எனக்குக் கேட்க ஆரம்பித்தது. வேகம் வந்ததே எனக்குத் தெரியவில்லை, ஒருநாள் அவர் கை விலகிய இடத்தில் என் கை போய் நின்றிருந்தது. அவர் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடி வரும் என்ற பயத்தில் உங்கள் கை இப்போது கட்டையாக இருக்கிறது எஸ்., கட்டைக்கு எதுவும் உறைக்காது. உங்களுக்கு வேகம் குறைவு என்று நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் மெதுவாக, அவர் வேகத்தில் உருட்டுங்கள், அடி விழுந்தால் விழட்டும். எந்த நொடியில் உங்கள் தோள் ஏறுகிறது என்பதை மட்டும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.