பந்து பிடிக்க வராத பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது? – கேள்வி பதில்

வணக்கம். வளர்ச்சி தாமதம் உள்ள பிள்ளைகளோடு ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக) வேலை செய்கிறேன். கண்ணும் கையும் ஒத்துப்போவதற்கான விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: பிள்ளையால் முடியவில்லை என்றால் பந்தை மாற்றுங்கள், தூரத்தைக் குறையுங்கள், உட்காரும் விதத்தைப் பாருங்கள். பிள்ளையை விரட்டாதீர்கள். உங்கள் பிள்ளையை நான் நேரில் பார்த்ததில்லை என்பதால், அவனை அல்லது அவளைப் பார்க்கும் மருத்துவரோ தெரபிஸ்டோ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

மேடம், என் மகனுக்கு நாலு வயது. நடை, பேச்சு எல்லாமே தாமதம். பந்தை வீசினால் கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பயமா, கவனம் இல்லையா?

பயம்தான். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. முகத்தை நோக்கி ஒரு பொருள் வேகமாக வந்தால் யாருக்கும் கண் தானாக மூடிக்கொள்ளும். பந்து எங்கே வந்து விழும் என்று கணிக்கத் தெரியாத பிள்ளைக்கு எல்லாப் பந்துமே முகத்துக்கு வருகிற பந்துதான். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தாமதம் எதுவும் இல்லாத மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளே கைகளை விறைப்பாக நீட்டி வைத்திருந்து, பந்து மேலே வந்து விழுந்த பிறகுதான் நெஞ்சோடு சேர்த்து அணைப்பார்கள். கைகளால் மட்டும் பிடிப்பது ஆறு, ஏழு வயது வாக்கில் வருவது.

அதனால் வீசுவதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். தரையில் எதிரெதிரே கால்களை விரித்து உட்காருங்கள், உங்கள் பாதமும் அவன் பாதமும் தொடுகிற அளவுக்கு நெருக்கமாக. பெரிய பந்து ஒன்றை எடுத்துக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். காற்று குறைந்த பந்து மெதுவாக உருளும், கையில் பட்டதும் துள்ளி ஓடாது, விரல் அமுங்கிப் பிடியும் கிடைக்கும். தரையின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடும் நிறமாக இருக்கட்டும். உருட்டும் முன் பந்தை உங்கள் முகத்தருகே பிடித்துக்கொண்டு அவன் பார்க்கும்வரை சும்மா இருங்கள். பார்த்ததும் ‘வருது’ என்று ஒரே ஒரு சொல், உடனே உருட்டுங்கள். தினமும் அதே சொல்லாக இருக்க வேண்டும். ‘பாரு, கையை நீட்டு, கவனி, பிடி பிடி’ என்று அடுக்கினால் எதைக் கேட்பது என்றே அவனுக்குத் தெரியாது.

உருட்டிய பந்தை அவன் சலிக்காமல் நிறுத்தத் தொடங்கிய பிறகு, மேலிருந்து மெதுவாக இறங்கும் பொருளுக்குப் போகலாம். மெல்லிய துணியை மேலே போட்டால் மிதந்து மிதந்து இறங்கும், முகத்தில் விழுந்தாலும் வலிக்காது. அப்புறம் பலூன். அப்புறம் அவன் நெஞ்சு உயரத்துக்குக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட லேசான பந்து. தொங்கும் பந்தை நான் ரொம்ப நம்புகிறேன். தள்ளினால் போன வழியே திரும்பி வரும் என்பதால் எங்கே வரும் என்று பிள்ளை சீக்கிரம் ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. தவறினாலும் ஓடி எடுக்க வேண்டியதில்லை. தரையில் ஒருமுறை பட்டு எழும்பி வரும் பந்து அதற்குப் பிறகு. நேராகக் காற்றில் வீசுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அதையும் கையைக் கீழிருந்து கொண்டுவந்து, அவன் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வரும்படி போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கண் பரிசோதனை. மாறுகண்ணோ, ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைவோ இருந்தால் ஆழம் சரியாகத் தெரியாது, பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பதும் கஷ்டம். பேசத் தெரியாத பிள்ளைக்கும் பார்வையைச் சோதிக்க முடியும். ‘எழுத்து படிக்கத் தெரியாதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

பலூன் ஆபத்து என்கிறார்களே?

ஆமாம், ஊதாத பலூனும் வெடித்த துண்டும் ஆபத்து. வாய்க்குள் போனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். எல்லாவற்றையும் வாயில் வைக்கிற பிள்ளை என்றால், வயது எத்தனை ஆனாலும், பலூனே வேண்டாம். ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாத நிலை) உள்ள பிள்ளைகளுக்கு ரப்பர் பலூனில் உள்ள லேட்டெக்ஸ் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம், அவர்களுக்கும் வேண்டாம். காற்றடைத்த மெல்லிய பிளாஸ்டிக் பந்து கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்.

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், ஆறு வயது. பந்து பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் தெரபிஸ்ட் உட்காரவும் குனிந்து நிமிரவும் வைத்துக்கொண்டே இருக்கிறார். நேரம் வீணாகிறதா சார்?

மேடம்தான், பரவாயில்லை. நேரம் வீணாகவில்லை. டவுன் சிண்ட்ரோமில் தசை தளர்வாகவும் மூட்டுகள் நெகிழ்வாகவும் இருக்கும். உடம்பை நிமிர்த்தி வைக்கவே பாடுபடுகிற பிள்ளைக்குக் கையை விட்டுக்கொடுக்க முடியாது. கவனித்துப் பாருங்கள்: தரையில் உட்கார்ந்தால் ஒரு கையை ஊன்றிக்கொள்கிறாளா? அப்படியென்றால் அந்தக் கை தூணாக நிற்கிறது, பந்துக்கு வராது. பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிகிற உயரத்தில் நாற்காலி, முழங்கை உயரத்தில் மேசை, இவ்வளவு செய்துவிட்டு அதே பந்தை மேசைமேல் உருட்டுங்கள். கற்றுக்கொடுக்காமலே கொஞ்சம் முன்னேற்றம் தெரியலாம்.

அதற்காக உடம்பு முழுதாகப் பலப்படும்வரை பந்தைத் தொடக்கூடாது என்றும் இல்லை. இரண்டும் கூடவே நடக்கலாம். முதுகுக்கு ஆதாரம் கொடுத்துப் பந்து விளையாட்டு, ஆதாரம் இல்லாமல் உட்காரும் பயிற்சி தனியாக. இதைத் தெரபிஸ்டிடம் கேளுங்கள், தாராளமாகக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையே இறுக்கம் குறைவாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, டிராம்போலினில் குதிப்பது எதுவும் வேண்டாம். கழுத்து வலி, நடையில் திடீர் மாற்றம், கை பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு புதிதாகத் தவறுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

டேப்லெட்டில் பலூன் உடைக்கும் விளையாட்டில் என் பையன் கெட்டிக்காரன். அது போதாதா?

போதாது. கண்ணாடித் திரையில் கனம் இல்லை, தூரம் இல்லை, கைக்குள் வந்து சேரும் பொருளும் இல்லை. விரல் நுனி மட்டும் வேலை செய்கிறது. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த விளையாட்டு அவனுக்குப் பிடிக்கும் என்றால் சுவரில் வண்ண வட்டங்களை ஒட்டி, துணிப்பந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

என் பேரனுக்கு ஐந்து வயசு, செரிபிரல் பால்சி (மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு). வலது பக்கம் பலம் இல்லை. எல்லாத்தையும் இடது கையாலேயே செய்யறான். இடது கையைக் கட்டிவிட்டால் வலது கை பழகும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா அம்மா?

அம்மா, வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். நல்ல கையை அசையாமல் தடுத்து வைத்துப் பலவீனமான கைக்குத் தீவிரப் பயிற்சி கொடுக்கும் முறை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, பலனும் தருகிறது. ஆனால் எத்தனை மணி நேரம், எத்தனை வாரம், அந்த நேரத்தில் வலது கைக்கு என்ன வேலை என்று தெரபிஸ்ட் திட்டம் போட்டுத்தான் அதைச் செய்வார். சும்மா கட்டிவிட்டால் பிள்ளை விழும்போது ஊன்றக் கை இருக்காது, அழுகையும் கோபமும்தான் மிஞ்சும்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு இருக்கிறது: இரண்டு கை இல்லாமல் முடியாத விளையாட்டாகக் கொடுங்கள். ஒரு கைக்கு அடங்காத பெரிய பந்தைத் தூக்கிப் பெட்டிக்குள் போடுவது. வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்து, நீங்கள் போடும் பலூனை அதற்குள் விழவைப்பது. வாளியை வலது கை முழங்கையில் மாட்டிக்கொண்டு, இடது கையால் தரையில் கிடக்கும் பந்துகளை எடுத்து நிரப்புவது. வலது கை தாங்கினாலே போதும், பிடிக்க வேண்டும் என்று இல்லை. ‘வலது கையை உபயோகி’ என்று நாள் முழுக்கச் சொல்வதைவிட வேலையே அதைக் கேட்கட்டும்.

இன்னொன்று அம்மா. இந்த வகையில் சில பிள்ளைகளுக்கு வலது பக்கப் பார்வையும் குறைந்திருக்கும். அந்தப் பக்கம் வைத்த பொருளை அவன் கவனிப்பதே இல்லை என்றால் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை பொருளை நடுவில் வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்த்துங்கள்.

ஆட்டிசம் உள்ள ஏழு வயது மகன். பந்தைக் கொடுத்தால் சுழற்றிக்கொண்டே இருக்கிறான், திருப்பித் தருவதில்லை.

சுழற்றுவதைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு பந்தைச் சுழற்றுங்கள். சுழலும் பொருளைக் கண்ணால் விடாமல் பார்ப்பதும் ஒரு திறன்தான், அதையே அடுத்த படிக்குப் பிடித்துக்கொள்ளலாம். அகலமான குழாய் ஒன்றைச் சரிவாக வையுங்கள். அவன் மேலே பந்தைப் போட, அது கீழே வந்து வாளியில் விழும். எங்கே வரும் என்று தெரிந்த பந்து அவனுக்கு நிம்மதி. சில நாள் கழித்து வாளி இருந்த இடத்தில் உங்கள் கை. பிறகு அவன் கீழே, நீங்கள் மேலே. எத்தனை பந்து பாக்கி என்று கண்ணுக்குத் தெரியும்படி ஐந்து பந்துகளை வரிசையாக வைத்துவிடுங்கள். ஐந்தும் தீர்ந்தால் விளையாட்டு தீர்ந்தது. ‘இன்னும் ஒன்று’ என்று நீட்டினால் அந்த நம்பிக்கை போய்விடும்.

சிறப்பாசிரியராக இருக்கிறேன். வகுப்பில் ஆறு பிள்ளைகள், ஒருத்தி சக்கர நாற்காலியில், கை அசைவு மிகக் குறைவு. எல்லோரும் சேர்ந்து விளையாட ஏதாவது உண்டா?

போச்சாவைப் பாருங்கள். தோல் பந்துகளை ஒரு வெள்ளைப் பந்துக்கு எவ்வளவு பக்கத்தில் சேர்க்கிறோம் என்பதுதான் ஆட்டம். 1984-லிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. கையால் வீச முடியாத வீரர்கள் சரிவுப் பலகை வழியாகப் பந்தை விடுகிறார்கள். எந்தத் திசை, எந்த உயரம் என்பதை அவர்களே முடிவு செய்ய, உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பலகையை நகர்த்துவார். இந்தக் கடைசி விதியை உங்கள் வகுப்பிலும் கட்டாயம் வையுங்கள். பெரியவர்கள் நல்லெண்ணத்தில் தாங்களே குறிபார்த்துவிடுகிறோம். அப்போது கண் வேலை செய்வது நமக்கு, அந்தப் பெண்ணுக்கு இல்லை. பாதி வெட்டிய அட்டைக் குழாயும் மணல் அடைத்த துணிப்பந்தும் தொடக்கத்துக்குப் போதும். மற்ற ஐந்து பேருக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள், ஒருவர் ஒரு மீட்டரிலிருந்து, இன்னொருவர் மூன்று மீட்டரிலிருந்து.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

ஐந்து, பத்து நிமிடமாக இரண்டு மூன்று தடவை. அரை மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டாம். பிள்ளை நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். இது இந்தப் பயிற்சிக்கு மட்டும், ஓடியாடுவது தனி. மாற்றுத்திறன் உள்ள 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும் நாளுக்குச் சராசரி 60 நிமிட உடல் இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

எப்போது கஷ்டத்தைக் கூட்டுவது? முன்னேறுகிறாளா என்றே எனக்குத் தெரியவில்லை.

பத்துத் தடவையில் ஏழெட்டு சரியாக வந்தால் கூட்டலாம். மூன்று நாலுதான் வருகிறது என்றால் ஒரு படி இறங்குங்கள். கூட்டும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூரத்தைக் கூட்டினால் அதே பந்து, சின்னப் பந்து கொடுத்தால் அதே தூரம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் தவறுகிறது என்று உங்களுக்கே தெரியாது.

வாரம் ஒருநாள் அதே இடம், அதே பந்து, அதே தூரத்தில் பத்து வீச்சு பார்த்து, எத்தனை சரியாக வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். தூக்கம் கெட்ட நாளிலோ காய்ச்சல் விட்ட மறுநாளோ எழுத வேண்டாம். எண்ணிக்கை மாறாவிட்டாலும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: இந்த வாரம் பந்தைக் கடைசிவரை பார்த்தாளா, கையை முன்கூட்டியே நீட்டினாளா, தவறியதும் தானே மறுபடி கேட்டாளா. பெரும்பாலும் முதலில் மாறுவது இவைதான். ஆனால் நேற்றுவரை சுலபமாகச் செய்ததைப் பல நாளாகச் செய்ய முடியாமல் போகிறது என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள், அடுத்த தெரபி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.