ஐப்பசிக் காய்ச்சலுக்கு மரபணுப் பரிசோதனை தேவையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். ஐப்பசி அடைமழை பிடித்தால் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். அப்பாவுக்கு வயது 66, சர்க்கரை உண்டு. போன வருடம் நிமோனியா வரை போய்விட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கு ஃப்ளூ கடுமையாவதற்கு மரபணு காரணம் என்று படித்தேன். நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே பெண் எடுப்பவர்கள். பரிசோதனை செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசில் அப்பாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள், மிச்சமும் இருக்கும்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. வைரஸ் புகுந்த செல், அதன் துணுக்குகளை எச்.எல்.ஏ. என்ற புரதத்தில் ஏந்தி வெளியே காட்டும். அதைக் கண்டுதான் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து அந்தச் செல்லை அழிக்கின்றன. எச்.எல்.ஏ. வகை மரபணு வழியாக வருவதால், எந்தத் துணுக்கு வெளியே தெரியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அலாஸ்கா பூர்வகுடிகளிடமும் அதிகமுள்ள ஏ-24 என்ற எச்.எல்.ஏ. வகைக்கும் 2009 எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) சாவுகளுக்கும் தொடர்பு தெரிவதாக 2013இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் இதே ஏ-24 நம் பக்கமும் சகஜம். உங்களுக்கு இருப்பதாக ரிப்போர்ட் வந்தாலும் டாக்டர் எழுதும் மருந்து மாறப்போவதில்லை.

மரபணு மட்டுமே விதி என்றால் பசிபிக் தீவுகளான சமோவாவில் நடந்ததற்கு என்ன பதில்? உலகமெங்கும் ஃப்ளூ பரவிய 1918 நவம்பரில், நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து ஃப்ளூ நோயாளிகளோடு வந்த தலூன் கப்பலை மேற்கு சமோவாவில் கரை சேர விட்டார்கள். மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மாண்டார்கள். பக்கத்து அமெரிக்க சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது, அங்கே ஃப்ளூ சாவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே இனம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால், அப்பா அம்மா இரண்டு பக்கமும் ஒரே எச்.எல்.ஏ. வகை வரும் வாய்ப்பு கூடும்தான்; அப்போது வெளியே காட்டும் துணுக்கு வகைகள் குறையலாம். ஆனால் அப்பா விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது வயதும் சர்க்கரையும். வீடே சேர்ந்து காய்ச்சலில் விழுவதற்கு மரபணுவைத் தேட வேண்டாம். மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்தால் ஒருவர் இருமல் எல்லோருக்கும்தான்.

அப்புறம், தடுப்பூசி ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் நல்ல எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதாக 2021இல் தெரியவந்தது. வட இந்தியாவில் ஃப்ளூ ஆடி, ஆவணியில் ஏறும். நமக்கு வடகிழக்குப் பருவமழையோடு. ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும் என்பதால் புரட்டாசித் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும்.

அப்படியும் காய்ச்சல் வந்தால், மெடிக்கலில் 'ரெண்டு வேளைக்குக் கொடுங்க' என்று வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். டாக்டர் எழுதித் தரும் ஃப்ளூ வைரஸ் மருந்தான ஓசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.