பிரியஸ் கிளம்பவில்லை, பிரேக்கில் முனகல்: இரண்டும் ஒரே கோளாறா?

பெரும்பாலும் இல்லை, தனித்தனியாகப் பாருங்கள். பிரியஸ் என்பது பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டாவின் ஹைபிரிட் கார்.

பிரேக்கை மிதித்தபடி பட்டனை அழுத்தியும் விளக்குகள் மங்கலாக எரிந்து, 'ரெடி' எழுத்து வராவிட்டால், முதல் சந்தேகம் 12 வோல்ட் சிறு பேட்டரி மீதுதான். மூன்றாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட் பெரிய பேட்டரி இருந்தும், அதை இணைக்கும் ரிலேக்களையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) கணினிகளையும் எழுப்புவது இந்தச் சின்னதுதான். அது டிக்கியின் வலது மூலையில் இருக்கிறது. ஆனால் வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் ஜம்பர் கேபிளை மாட்ட, பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்கு அடியில் பிளஸ் முனை உண்டு. பிளஸ், மைனஸை மாற்றி மாட்டினால் விலை உயர்ந்த மின்னணுப் பாகங்கள் கருகிவிடும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே தொடாதீர்கள். 'ரெடி' வந்த பின் என்ஜின் ஓசை கேட்காதது கோளாறு அல்ல.

பிரேக்கை மென்மையாக மிதிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைச் சேமிக்கிறது. அழுத்தி மிதித்தாலும், வண்டி நிற்கப் போகும் தருணத்திலும் பிரேக் பேடுகள் பிடிக்கின்றன. பேடுகளுக்கு வேலை குறைவு என்பதால் அவை நெடுநாள் உழைக்கும். அதே காரணத்தால், பேடுகள் பிடிக்கும் வட்டத் தட்டான டிஸ்க்கில் துருவும் ஏறும். மோட்டாரிலிருந்து பேடுகளுக்கு மாறும் இந்தக் கைமாற்றம் சீராக அமையாததால்தான் 2010இல் டொயோட்டா 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்தியது.

ஓட்டுநர் கதவைத் திறக்கும்போதோ மிதிக்கும்போதோ சில விநாடி கேட்கும் முனகல், பிரேக் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். அது இயல்பு. மிதிக்காமலேயே பம்ப் அடிக்கடி ஓடினாலோ, சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். இழுவை வண்டியில் ஏற்றி, ஹைபிரிட் தெரிந்த பணிமனைக்கு அனுப்புங்கள்.