மூன்று மாதம் வீட்டில் இருந்தும் அசதி போகவில்லையே, ஏன்?

கேள்வி: வயது 42. பாலக்கோடு பக்கம் தெருக்கூத்து வாத்தியார். மாசியிலிருந்து ஆடி வரை விடிய விடிய கூத்து. வேஷமும் கட்டுவேன், பாட்டும் எழுதுவேன். சீசன் முடிந்து மூன்று மாதமாக வீட்டில்தான் இருக்கிறேன். அடுத்த வருஷ அட்வான்ஸ், ஆள் பிடிப்பது, பழைய பாக்கி என்று போன் பேச்சு மட்டும் ஓயாது. அசதி போகவில்லை, ராத்திரி தூக்கமில்லை. நோட்டை எடுத்தால் ஒரு வரி வரவில்லை, சலங்கையைப் பார்த்தாலே எரிச்சல். கலை என்னை விட்டுப் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. நல்ல டானிக் சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். தூக்கம் கெட்ட மூளைக்குக் கவனமும் நிற்காது, சொல்லும் சட்டென்று சிக்காது. பாட்டு வராததற்கு அதுவே போதுமான காரணம்.

மாசக்கணக்கில் இரவில் ஆடிப் பகலில் தூங்கியதில் உங்கள் உடம்பின் கடிகாரம் தலைகீழாகிவிட்டது. சீசன் முடிந்தும் அதைத் திருப்பி வைக்கவில்லை. உடம்பு திண்ணையில் படுத்திருந்தாலும் மனசு அட்வான்ஸ் கணக்கில்தான் இருந்திருக்கிறது. இதை ஓய்வு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உடம்பில் தெம்பு வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு, நம்மால் முடியவில்லை என்ற எண்ணம்: மூன்றும் சேர்ந்தால் பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோயாக அல்ல, தீராத வேலை நெருக்கடியால் வரும் நிலையாக வகைப்படுத்தியது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. ஆனாலும் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே அசதியைத் தரும். பலமான குறட்டை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குரல் கரகரப்பு மூன்று வாரம் தாண்டியிருந்தால், முக்கியமாகப் புகையிலைப் பழக்கம் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

தூக்கத்தைச் சரிசெய்வது காலையில் தொடங்குகிறது. ராத்திரி எப்படிப் போனாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடங்கள். கடிகாரத்தைத் திருப்புவது அந்த வெளிச்சம்தான். பகல் தூக்கம் 20 நிமிஷம் போதும். மத்தியானத்துக்கு மேல் டீ வேண்டாம்; அதன் வீரியம் பாதி குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். தூக்கத்துக்காக மது குடிக்கிற பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடி கண்ணை மூட வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும்.

போனைக் குழுவில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஒரு மாதம் நோட்டைத் தொடாதீர்கள். அப்புறமும் எழுத உட்காராமல், ஊர்ப் பையன் ஒருவனுக்கு அடவு சொல்லிக்கொடுங்கள். ஆசை பெரும்பாலும் இப்படித்தான் திரும்பி வரும்.

சீசன் வருமானம்தான் வருஷச் சாப்பாடு என்பது தெரியும், கூத்தை விடச் சொல்லவில்லை. ஆனால் பாரதக் கூத்து தொடங்கி, துரியோதனன் சாகும் கடைசி நாள் படுகளம் வரைக்கும் எல்லா ராத்திரியும் நீங்களே பெரிய வேஷம் கட்டினால் இதே நிலைமை மறுபடி வரும். இன்னொருவரைத் தயார் செய்து மாற்றி மாற்றி ஆடுங்கள்.

பிள்ளைகளோ பிடித்த சாப்பாடோ எதுவுமே சந்தோஷம் தராமல் இரண்டு வாரம் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.