விழாவை ஒரு கவிஞரிடம் ஒப்படையுங்கள்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் சீனப் பண்பாட்டு நாள் கொண்டாடப் போகிறோம். இலக்கியத்துக்கு ஓர் அரங்கம், வரலாற்றுக்கு ஒரு கண்காட்சி, சாப்பாட்டுக்குத் தனியாகக் கடைகள் என்று திட்டம். கூட்டமெல்லாம் சாப்பாட்டுப் பக்கம் போய், கவிதை அரங்கம் காலியாகக் கிடக்குமோ என்று கவலையாக இருக்கிறது. — முதுகலை மாணவர் ஒருவர்

பதில்: தம்பி, கூட்டம் சாப்பாட்டுப் பக்கம்தான் போகும். போகட்டும், கவிதையையும் அங்கேயே கொண்டுபோய் வையுங்கள். மூன்றையும் மூன்று இடத்தில் பிரித்ததுதான் சிக்கல். இலக்கியம், வரலாறு, சமையல் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. சொங் வம்சக் காலத்துக் கவிஞர் சு ஷி. சு தோங்போ என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். நான் திரும்பத் திரும்பப் படிக்கும் கவிஞர் என்பதால் இவரைப் பற்றி நீளமாகத்தான் சொல்வேன்.

1037-இல் சிச்சுவானின் மெய்ஷான் ஊரில் பிறந்தவர். 1057-இல் தலைநகர் கைஃபங்கில் தம்பி சு ஷேயும் இவரும் சேர்ந்தே அரசுத் தேர்வில் தேறினார்கள். பிறகு அமைச்சர் வாங் அன்ஷியின் சீர்திருத்தங்களை எதிர்த்தார். 1079-இல் இவருடைய கவிதைகளையே சாட்சியாக வைத்து, அரசை இழிவுபடுத்தினார் என்று சிறையில் அடைத்தார்கள். தலை தப்பியது. யாங்சி நதிக்கரையில் உள்ள ஹுவாங்சௌவுக்கு, அதிகாரமில்லாத ஒரு பதவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இவரை மிகவும் பிடித்துப்போனது இந்த ஹுவாங்சௌ காலத்தில்தான். பெரிய குடும்பம், கையில் காசில்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு சரிவில் கிடந்த பழைய நிலத்தைத் திருத்திப் பயிர் வைத்தார். தோங்போ என்ற பெயர் அந்தச் சரிவிலிருந்து வந்தது. அங்கே பன்றி இறைச்சி மண் விலைக்குக் கிடைத்தது. பணக்காரர்கள் தொடமாட்டார்கள், ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியாது. கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, தீயை அடக்கி, அவசரப்படுத்தாமல் வேகவிடுங்கள் என்று அதற்கொரு பாட்டே எழுதினார். நதிக்கரையில் உள்ள செம்பாறை என்ற இடத்தைப் பற்றிய இரண்டு பெரும் படைப்புகளும் 1082-இல் இதே ஊரில் பிறந்தவை. ஆறிய உணவை உண்ணும் ‘குளிர் உணவு’ திருநாளன்று மழைக்குள் உட்கார்ந்து எழுதிய கவிதையையும் மறந்துவிடாதீர்கள். வெறும் அடுக்களை, ஏதோ கீரை, உடைந்த அடுப்பில் எரியும் ஈர நாணல் எல்லாம் அதில் வருகின்றன. அவர் கைப்பட எழுதிய அந்தச் சுருள் இன்று தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக அச்சிட்டு நீங்கள் சமைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். படித்துவிட்டு வரிசையில் நிற்பவர் வெறும் சாப்பாட்டுக்காக நிற்கமாட்டார்.

அவர் வாழ்ந்த ஊர்களையே வளாகத்துப் பாதையில் வரிசையாக வையுங்கள். கைஃபங்கில், தேயிலைப் பொடியில் வெந்நீர் ஊற்றி மூங்கில் கடைகோலால் நுரைக்க அடித்த சொங் காலத் தேநீர். அடுத்தது ஹுவாங்சௌ. அதன்பின் ஹாங்சௌ: 1089-இல் அங்கே ஆளுநராகப் போனவர், பாசி மூடிய மேற்கு ஏரியைத் தூர்வாரினார். அள்ளிய சேற்றில் அமைத்த கரைப்பாதை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. 1094-இல் மறுபடியும் நாடு கடத்தல், தெற்கே ஹுய்சௌவுக்கு. தினம் முந்நூறு லிச்சிப் பழம் கிடைத்தால் இங்கேயே இருந்துவிடுவேன் என்று அங்கே பாடினார், ஆகவே ஆளுக்கொரு லிச்சி. கடைசியில் 1097-இல் ஹைனான் தீவு. அங்கே மகன் சு குவோ கிழங்கில் புதிதாக ஒரு கூழ் செய்து கொடுக்க, அதையும் கவிதையாக்கினார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கவிதையை வாய்விட்டுப் படித்த பிறகு உணவைக் கொடுங்கள். 1101-இல், மன்னிப்புக் கிடைத்து வடக்கே திரும்பும் வழியில் சாங்சௌவில் இறந்தார். அங்கே எதுவும் பரிமாற வேண்டாம்.

கேள்வி: எங்கள் விடுதியில் பலர் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார்கள். சைவர்களும் உண்டு. சு தோங்போவை வைத்து எல்லோருக்கும் எப்படிப் பரிமாறுவது? — விடுதி உணவுக் குழு மாணவி

பதில்: அவரே வழி சொல்லியிருக்கிறார். மீனும் இறைச்சியும் இல்லாத ஒரு கீரைக்கூழுக்கு, ‘தோங்போ கூழ்’ என்று தன் பெயரையே வைத்தார். முட்டைக்கோஸ் வகைக் கீரை, முள்ளங்கி போன்றவற்றைக் கசக்கி, பலமுறை கழுவி, காரமும் கசப்பும் போக்க வேண்டும். பாத்திரத்தின் விளிம்பில் கொஞ்சம் எண்ணெய் தடவி, கொதிநீரில் காய்களைப் போட்டு, பச்சரிசியும் துளி இஞ்சியும் சேர்க்க வேண்டும். நான் செய்து பார்த்திருக்கிறேன். முள்ளங்கியின் இனிப்பு மெதுவாக வெளியே வரும். மசாலா எதையும் சேர்க்காதீர்கள். மிளகாய் வேண்டவே வேண்டாம்: அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது சீனாவுக்குப் போனது அவர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். சிச்சுவானில் பிறந்தும் மிளகாயின் ருசி அறியாதவர் அவர்! இறைச்சி சமைத்தால் அதற்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தெளிவான பெயர்ப்பலகை வையுங்கள்.

கேள்வி: எங்களோடு படிக்கும் சீன மாணவர்களைப் பட்டுடை உடுத்தி வாசலில் நிற்கச் சொல்லலாமா? — வரவேற்புக் குழுவில் ஒருவர்

பதில்: வேண்டாம். திட்டம் போடும் முதல் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடுங்கள். என்ன செய்ய விருப்பம் என்று அவர்களே சொல்லட்டும். ஒருவருக்கு மேடை பிடிக்கும், இன்னொருவருக்குக் கணக்குப் பார்ப்பது பிடிக்கும்.

கேள்வி: தொடக்க விழாவில் ஒரே ஒரு கவிதை என்றால் எது? — துறை மாணவர் தலைவி

பதில்: 1076-இல் நடு இலையுதிர்கால நிலாத் திருநாளன்று, பல ஆண்டுகளாகப் பார்க்காத தம்பி சு ஷேயை நினைத்து அவர் எழுதியது. ஆயிரம் காதத்துக்கு அப்பால் இருந்தாலும் இருவரும் ஒரே நிலவைப் பார்ப்போம் என்று முடியும். ஏற்கெனவே இருந்த ஒரு மெட்டுக்கு எழுதிய பாட்டு அது. ஆகவே யாரையாவது பாடச் சொல்லுங்கள். முதலில் சீனத்தில், பிறகு தமிழில். நடுவில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.