வீட்டுச் செடியின் இலை நுனி ஏன் பழுப்பாகிறது? என்ன செய்வது?

இலையின் நுனியோ ஓரமோ மட்டும் காய்ந்து மொரமொரப்பாவதை நுனிக்கருகல் என்கிறோம். பெரும்பாலும் இது நோயல்ல; அந்த இடத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்பதன் அடையாளம்.

வேர் உறிஞ்சும் நீர் தண்டில் ஏறி, கடைசியாகத்தான் இலை நுனிக்கு வருகிறது. தெருக்கோடி வீட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைந்தால் முதலில் வறள்வது அந்த வீடுதான்.

மண் காய்ந்தாலும், ஏசி காற்று வறட்டினாலும் இப்படி ஆகும். ஆனால் பலர் நம்ப மறுப்பது, தண்ணீர் அதிகமானாலும் இதே கதைதான் என்பதை. ஈரம் வடியாத மண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை இழுக்க முடியாது. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம், செடி போய்விடும்!

அதனால் முதலில் விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். பொடியாக உதிர்ந்தால், அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். சேறாக ஒட்டினால் செடியை மெல்ல உருவி வேரைப் பாருங்கள். வெளிறி உறுதியாக இருந்தால் மண் காயும்வரை காத்திருந்தால் போதும். கறுத்துக் கொழகொழத்து நாறினால், அந்த வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது உர உப்பாக இருக்கலாம். நிறைய நீர் விட்டு வடியவிடுங்கள், உரத்தைச் சில வாரம் நிறுத்துங்கள்.

சரிசெய்ததும் பழுப்பு மறுபடி பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள். அந்தத் திசு இறந்துவிட்டது, புதுத் தளிர் எப்படி வருகிறது என்று பாருங்கள்.